எந்த ஏரியா சேஃப்? லண்டன் வரைபடங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது பற்றி

மே மாதம் முடிந்ததும் இந்தக் கேள்வி வர ஆரம்பிக்கும். மகன் அங்கே எம்.எஸ்ஸி. முடிக்கிறான், பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா அம்மா போகிறார்கள். அல்லது சித்தி பெண்ணுக்குப் பிரசவம், பெரியம்மா மூன்று வாரம் தங்கப் போகிறார். ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேள்வி விழும்: "லண்டன்ல தங்கறதுக்கு எந்த ஏரியா சேஃப்?" ஐந்து நிமிடத்தில் பதில்களும் விழுந்துவிடும். ஈஸ்ட் பக்கம் போகாதீங்க. ஆத்துக்குத் தெக்கால வேண்டாம். காசு போனாப் போகுது, சென்ட்ரல்லயே எடுத்துடுங்க. கடைசியில் ஒருவர் போலீஸ் இணையதளத்தின் குற்ற வரைபடத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவார். வட்ட வட்டமாக எண்கள். அதோடு விவாதம் முடிந்துவிடும். வரைபடமே சொல்லிவிட்டதே!

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி ஸ்க்ரீன்ஷாட்டைப் பற்றியது. ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் போகிறவர் பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கும் பதில், பெரும்பாலும் வேறு யாரோ வேறு எதற்கோ கேட்ட கேள்விக்கான பதில். லண்டனை எடுத்துக்கொள்ளக் காரணம், 'நல்ல ஏரியா, கெட்ட ஏரியா' என்று ஒரு பெருநகரத்துக்கு வண்ணம் அடித்த மிகப் பிரபலமான வரைபடம் அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பூத் அடித்த வண்ணம்

சார்லஸ் பூத் லிவர்பூல்காரர், கப்பல் கம்பெனி முதலாளி. லண்டனில் உண்மையிலேயே எத்தனை பேர் ஏழைகள் என்று எண்ணிப் பார்க்க 1880களில் கிளம்பினார். சொந்தக் காசில் ஆள் வைத்து நடத்திய ஆய்வு கடைசியில் 17 தொகுதிகளாக வளர்ந்தது. அதன் மிகப் பிரபலமான பகுதி, 1889 முதல் வெளிவந்த வறுமை வரைபடம். தெருத் தெருவாக ஏழு வண்ணங்கள். பெரும் பணக்காரர்கள் மஞ்சள். வசதியான நடுத்தரம் சிவப்பு. ஓரளவு சௌகரியமாக இருப்பவர்கள் இளஞ்சிவப்பு. கலவையான தெரு ஊதா. ஏழைகள் வெளிர்நீலம், பரம ஏழைகள் அடர்நீலம். கடைசியாகக் கறுப்பு.

அந்தக் கடைசி வண்ணத்தில்தான் சிக்கல். மற்ற ஆறும் வருமானத்தைப் பற்றிப் பேசுகின்றன. கறுப்புக்கு அவர் கொடுத்த விளக்கம் மட்டும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறது: அடிமட்ட வர்க்கம், தீய நடத்தை உள்ளவர்கள், பாதிக் குற்றவாளிகள் என்ற பொருளில். மஞ்சளிலிருந்து நீலம் வரை பணம் குறைந்துகொண்டே போகிறது. அதே ஏணியில் இன்னொரு படி இறங்கினால் குற்றம் வந்துவிடுகிறது. பார்க்கிறவர் மனதில் என்ன பதியும்? ஏழ்மை கொஞ்சம் முற்றினால் குற்றம் என்று பதியும். எழுதிச் சொல்லியிருந்தால் யாராவது எதிர்த்துக் கேட்டிருப்பார்கள். வண்ணத்தை யார் எதிர்த்துக் கேட்பது?

தகவல் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். முதல் சுற்றில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்கிற பள்ளி வாரிய அலுவலர்கள் சொன்னதை வைத்து வண்ணம் அடித்தார்கள். 1890களின் பிற்பாதியில் வரைபடத்தைத் திருத்தியபோது, பூத்தின் உதவியாளர்கள் உள்ளூர் காவலர்களோடு தெருவில் நடந்து குறிப்பெடுத்தார்கள். அந்த நோட்டுப் புத்தகங்கள் இன்றும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். ஒரு தெருவைக் காவலர் கண் வழியாகப் பார்த்தால் காவலருக்குத் தொல்லை கொடுத்தவர்கள் தெரிவார்கள். அந்தத் தெருவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி வீடு திரும்பிய பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட தெரு என்பது தெரியாது.

பூத்துக்குச் சேர வேண்டிய பெருமையையும் சொல்லிவிட வேண்டும். அவர் கையாண்ட அலகு தெரு. சிவப்பு அடித்த அகலமான சாலைக்குப் பின்னாலேயே ஒரு முடுக்கு அடர்நீலத்தில் இருக்கும். அந்த வித்தியாசத்தை அழிக்காமல் காட்டினார். அதைவிட முக்கியமாக, அவருடைய எண்களே அவருடைய கறுப்பு வண்ணத்தை மறுத்தன. லண்டன் மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாகக் கணக்கிட்டார். கறுப்பு வண்ணத்துக்குரிய வர்க்கமோ ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. வறுமைக்குக் காரணம் என்ன என்று பார்த்தபோது குறைந்த கூலி, நிரந்தரமில்லாத வேலை, நோய், பெரிய குடும்பம் ஆகியவைதான் பெரும் பங்கு. குடிப்பழக்கம் அவற்றைவிடச் சிறிய பங்கு. பிற்பாடு அவர் முதியோர் ஓய்வூதியத்துக்காக வாதாடியதற்கும் இந்த ஆய்வுதான் அடிப்படை. அந்தச் சட்டம் 1908இல் வந்தது.

ஆனால் எண்கள் நூலகத்துக்குள் போய்விட்டன. வண்ணம் வெளியே நின்றுவிட்டது. இன்று சமூக ஊடகங்களில் சுற்றும் 'லண்டனின் மிக ஆபத்தான 10 பகுதிகள்' பட்டியல்கள் தெரு என்ற அலகைக்கூட விட்டுவிட்டு, மூன்று லட்சம் பேர் வாழும் ஒரு நகர்மன்றப் பகுதி முழுவதற்கும் ஒரே வண்ணம் பூசுகின்றன. அந்த வகையில் 1889க்கும் பின்னால் போய்விட்டோம்.

இன்றைய வட்டங்கள்

சரி, பூத் பழைய கதை. போலீஸ் வரைபடம் உண்மையான புகார்களை வைத்துப் போட்டதுதானே? ஆமாம். 2011 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவாகும் குற்றங்களைத் தெரு அளவில் பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள். நல்ல விஷயம். நம் ஊர் எதிலும் இப்படி ஒன்று இல்லையே என்று ஏங்கலாம். ஆனால் தங்குமிடம் தேடுகிறவருக்கு அது எந்த அளவுக்கு உதவும்?

முதல் சிக்கல், வகுக்கும் எண். 'ஆயிரம் பேருக்கு இத்தனை குற்றம்' என்று சொல்லும்போது அந்த ஆயிரம் பேர் யார்? அங்கே வீடு உள்ளவர்கள். சிட்டி ஆஃப் லண்டன் என்ற சதுர மைலில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பவர்கள் சுமார் 8,600 பேர். பகலில் அங்கே வேலைக்கு வருபவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். அந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவருடைய மடிக்கணினி காபிக் கடையில் திருடு போனால் அது 8,600ஆல் வகுக்கப்படுகிறது. வெஸ்ட்மின்ஸ்டரும் இதே கதைதான். குடியிருப்பவர்கள் இரண்டு லட்சம் பேர். ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட், சோஹோ, லெஸ்டர் ஸ்கொயர், பக்கிங்ஹாம் அரண்மனை எல்லாம் அதற்குள். வருடம் முழுக்க ஊர் உலகமே அங்கே வந்து நிற்கிறது. அதனால் பதிவான திருட்டுகளின் விகிதத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் லண்டனிலேயே முன்வரிசையில் நிற்கும்.

இப்போது வாட்ஸ்அப் பதிலை நினைத்துப் பாருங்கள். 'சென்ட்ரல்லயே எடுங்க' என்றவரும் குற்ற வரைபடத்தைப் போட்டவரும் ஒரே பக்கம் நின்று பேசினார்கள். வரைபடத்தை உண்மையிலேயே நம்பினால் முதலில் தவிர்க்க வேண்டியது சென்ட்ரல்தான்! யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஏனென்றால் முடிவை முதலிலேயே எடுத்துவிட்டோம். வரைபடம் பின்னால் வந்த சாட்சி.

இரண்டாவது, புள்ளி விழும் இடம். பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக, குற்றம் நடந்த துல்லியமான இடத்தை வெளியிடுவதில்லை. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த புள்ளிகளில் அருகில் உள்ள ஒன்றுக்கு நகர்த்தி, 'இந்தத் தெருவில் அல்லது அருகில்' என்று போடுகிறார்கள். செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் நீங்கள் எடுக்கப்போகும் அறையின் வாசலில் விழுந்த வட்டம், இரண்டு தெரு தள்ளி நடந்ததாக இருக்கலாம். பேரங்காடி, வண்டி நிறுத்துமிடம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு என்றே புள்ளிகள் உண்டு. அதனால் ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள நல்ல தங்குமிடமெல்லாம் பயங்கரமாகத் தெரியும். இரவில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் விருந்தாளிக்கு வசதி என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, ஒரே பெட்டிக்குள் பல சரக்கு. வன்முறையும் பாலியல் குற்றமும் ஒரே வகையாகத்தான் காட்டப்படுகின்றன. வீட்டுக்குள் கணவன் மனைவியை அடித்ததும் மதுக்கடை வாசலில் நடந்த கைகலப்பும் அதில் சேர்ந்தே கிடக்கும். இவை எதுவும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் 'நான் தெருவில் நடந்தால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு முதலாவது பதிலே ஆகாது. போதைப்பொருள் வழக்கு இன்னும் விசித்திரம்: போலீஸ் தேடினால்தான் அது பதிவாகும். எந்தத் தெருவில் அதிகம் நிறுத்திச் சோதனை போடுகிறார்களோ அங்கே அதிகம் கிடைக்கும். லண்டனில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் பல மடங்கு அதிகமாக நிறுத்திச் சோதனை செய்யப்படுகிறார்கள் என்பதைக் காவல் துறையின் சொந்தத் தரவுகளே காட்டுகின்றன. கெட்ட பேர் இருப்பதால் சோதனை, சோதனையால் வழக்கு, வழக்கால் வட்டம், வட்டத்தால் கெட்ட பேர். சுற்றிச் சுற்றி அதே இடம்.

நான்காவதுதான் பயணிக்கு மிக முக்கியம். வெளியிடப்படும் தரவில் மாதம் மட்டும்தான் உண்டு. கிழமை இல்லை, மணி இல்லை. ராத்திரி இரண்டு மணியா, மத்தியானம் இரண்டு மணியா? அதைச் சொல்லாத வரைபடம், ஒன்பது மணிக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிடும் பெரியம்மாவுக்கு என்ன சொல்ல முடியும்?

இதையெல்லாம் வைத்து வரைபடம் பொய் என்று சொல்ல வரவில்லை. தன் தெருவில் போன வருடத்தைவிட சைக்கிள் திருட்டு கூடியிருக்கிறதா என்று குடியிருப்பவர் உள்ளூர் போலீஸைக் கேள்வி கேட்க அது அருமையான கருவி. அது செய்யப்பட்டதும் அதற்காகத்தான். கல்யாணத்துக்குச் செய்த வாணலியில் ஒரு டம்ளர் காபி போடப் பார்க்கிறோம்.

பேர் கெட்ட இடங்கள்

ஏரியாவின் பெயர் அங்கே நடப்பதைவிட மெதுவாக நகரும். கிங்ஸ் கிராஸ் 1980களிலும் 90களிலும் போதைக்கும் பாலியல் தொழிலுக்கும் பேர் போன இடம். 2007இல் பாரிஸ் ரயில்கள் பக்கத்து செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்துக்கு மாறின. பின்னாலிருந்த பழைய கிடங்குகளும் ரயில் நிலங்களும் கல்லூரி, அலுவலகம், சதுக்கம் என்று ஆகிவிட்டன. இன்றைக்கும் 'அங்கே ராத்திரி நடக்காதே' என்று சொல்லும் மாமாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; அவர்கள் பார்த்த லண்டன் 1993இல் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

வைட்சேப்பல் இன்னும் வேடிக்கை. 1888இல் நடந்த தொடர் கொலைகளின் நிழல் அந்தப் பெயரை விட்டுப் போகவே இல்லை. அந்தப் பக்கம் அறை எடுக்க வேண்டாம் என்று சொல்லும் பயண அறிவுரைகள் ஒருபக்கம். அதே கொலைகளின் கதை கேட்க, இருட்டிய பிறகு அதே சந்துகளில் காசு கொடுத்து நடக்கும் சுற்றுலாக் கூட்டம் மறுபக்கம்.

நாட்டிங் ஹில் தலைகீழ் உதாரணம். அதன் மேற்கு ஓரமான நாட்டிங் டேல், பூத் காலத்தில் மிக மோசமான இடங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. 1950களில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறிய, இடிந்து விழும் வாடகை வீடுகள். 1958இல் அவர்கள்மேல் வெள்ளைக் கும்பல்கள் பாய்ந்த கலவரம். இன்றைக்கு நாட்டிங் ஹில் என்றால் வெளிர்வண்ண வீடுகளும் வாய் பிளக்கும் விலையும்தான். நாட்டிங் டேலுக்குக் கீழே மறுபடி வருகிறேன்.

இந்தக் கெட்ட பேரைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சிகளும் நடந்தன. 2014இல் நியூயார்க்கில் 'ஸ்கெட்ச்ஃபேக்டர்' என்று ஒரு செயலி வந்தது. எந்தத் தெரு 'ஒரு மாதிரி' இருக்கிறது என்று பயனர்களே மதிப்பெண் போடலாம். கறுப்பினத்தவர் வாழும் தெருக்களுக்கு வெளியாட்கள் மோசமான மதிப்பெண் போடும் இயந்திரம் என்று வெளிவந்த உடனேயே கண்டனம் எழுந்தது. கண்டனம் சரி. ஆனால் செயலி செய்ததும் வாட்ஸ்அப் குழு செய்வதும் ஒன்றுதான். செயலியில் அது எண்ணாகத் தெரிந்தது. குழுவில் அது அக்கறையாகத் தெரிகிறது.

யாருக்குச் சேஃப்?

'பாதுகாப்பான பகுதி' என்ற சொல்லில் எப்போதும் ஒரு வேற்றுமை உருபு காணாமல் போயிருக்கும். யாருக்கு?

வைட்சேப்பலில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. பெயர் ஆல்தாப் அலி பூங்கா. 1978 மே 4ஆம் தேதி, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வங்காளித் தையல் தொழிலாளி ஆல்தாப் அலி அங்கே இனவெறியால் குத்திக் கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கான வங்காளிகள் அவருடைய சவப்பெட்டியோடு ஊர்வலம் போனார்கள். 'ஈஸ்ட் எண்ட் ஆபத்து' என்று சொல்லும்போது பொதுவாக நம் மனதில் வருவது, புலம்பெயர்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்ற எண்ணம். வரலாற்றில் அங்கே ஆபத்துக்கு ஆளானவர்களே அவர்கள்தான்.

1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் எல்ட்டத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டார். தென்கிழக்கு லண்டனின் புறநகர்ப் பகுதி அது. விசாரணை குளறுபடியான கதை 1999இல் வந்த மெக்ஃபர்சன் அறிக்கையில் இருக்கிறது. காவல் துறையிலேயே நிறுவனரீதியான இனவெறி இருப்பதாக அது சொன்னது. 2021 மார்ச்சில் தென் லண்டனில் வீட்டுக்கு நடந்து போன ஒரு பெண்ணைக் கடத்திக் கொன்றவர், பெருநகரக் காவல் துறையில் வேலை பார்த்த அதிகாரி. நடந்து போனது நல்ல பேர் உள்ள பகுதி வழியாகத்தான்.

இவை அபூர்வமான சம்பவங்கள். இவற்றை வைத்து எல்ட்டம் மோசம், கிளாபம் மோசம் என்று சொன்னால் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். நான் சொல்ல வருவது, ஆபத்து ஆளைப் பொறுத்தது. மாநிறத் தோலோடு, புடவை கட்டிக்கொண்டு, ஆங்கிலம் தயங்கித் தயங்கிப் பேசும் அறுபது வயதுப் பெண்ணுக்கு ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் எப்படி இருக்கும்? கடையில் தமிழில் பேசலாம். இட்லி தோசை கிடைக்கும். நடக்கும் தூரத்தில் முருகன் கோயில். ஃபோன் சார்ஜ் தீர்ந்து வழி தவறினால் யாரை வேண்டுமானாலும் "தம்பி, இந்த வீடு எங்கப்பா" என்று கேட்கலாம். தெற்கே டூட்டிங்கிலும் வடமேற்கே வெம்ப்ளியிலும் இப்படியே. உதவி கேட்க நாலு பேர் இருப்பதும் பாதுகாப்புதான். எந்த வரைபடத்திலும் அதற்கு வண்ணம் கிடையாது.

தூங்கும் இடமும் திரியும் இடமும்

குற்ற விகிதம் குறைவான பகுதிகளின் பட்டியலில் ரிச்மண்ட் அடிக்கடி முன்னால் வரும். ஆற்றங்கரை, மான்கள் மேயும் பெரிய பூங்கா, அமைதி. ஈஸ்ட் ஹாம் அந்தப் பட்டியலில் வராது. இரண்டையும் இணைக்கும் ரயில் பாதை ஒன்றே: பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் லைன். ரிச்மண்டில் ஏறினாலும் ஈஸ்ட் ஹாமில் ஏறினாலும் பயணி காலை பத்து மணிக்கு இறங்குவது வெஸ்ட்மின்ஸ்டரில்தான். கையில் ஃபோனை உயர்த்தி பிக் பென்னைப் படம் பிடிப்பதும் அங்கேதான். மின்சைக்கிளில் வந்து ஃபோனைப் பறித்துக்கொண்டு போகும் திருட்டு லண்டனில் அதிகம் நடப்பதும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

ஆக, பயணிக்கு நேரக்கூடிய நிஜமான நஷ்டங்களில் பெரும்பகுதி தூங்கும் இடத்தில் நடப்பதில்லை. திரியும் இடத்தில் நடக்கிறது. எங்கே அறை எடுத்தாலும் அந்த ஆபத்து கிட்டத்தட்ட ஒரே அளவு. ரிச்மண்டில் இரண்டு மடங்கு வாடகை கொடுத்தவருக்கு அந்தக் காசு வாங்கித் தந்தது அமைதியான காலை நடை. அது வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பாதுகாப்புக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

மாறாக, வித்தியாசம் உண்டாக்குவது திரும்பி வரும் வழி. லண்டன் சுரங்க ரயில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், சில பாதைகளில் மட்டும் விடிய விடிய ஓடும். 2016இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடிலி, விக்டோரியா ஆகிய ஐந்து பாதைகள் உண்டு. டிஸ்ட்ரிக்ட் லைன் கிடையாது. நாடகம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டால் இரவு பஸ்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம்? வழியில் கடை திறந்திருக்குமா, இல்லை பூங்கா ஓரமாக நீளமான சுவர் மட்டும்தானா? அமைதியான புறநகரில் இரவு பன்னிரண்டு மணிக்குப் பதினைந்து நிமிடம் தனியாக நடப்பதும், சந்தடியான ஹை ரோட்டில் மூன்று நிமிடம் நடப்பதும் ஒன்றாகுமா? தெருவில் ஆள் நடமாட்டமும் கடைக்காரர்களின் கண்ணும்தான் தெருவைக் காக்கின்றன என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே வாதிட்டார். 'அமைதியான ஏரியா' என்ற பாராட்டைக் கேட்டவுடன் நாம் மறந்துவிடுவது அதைத்தான்.

சுவருக்கு உள்ளே

நாட்டிங் டேலுக்குத் திரும்பி வருகிறேன் என்று சொன்னேன். 2017 ஜூன் 14 அதிகாலையில் கிரென்ஃபெல் டவர் தீப்பிடித்தது அங்கேதான். 24 மாடி. நான்காவது மாடியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் ஆரம்பித்த தீ, கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியக்கூடிய பூச்சுப் பலகைகளில் பற்றி மேலேறியது. 72 பேர் இறந்தார்கள். வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரையைக் கேட்டு உள்ளேயே இருந்தவர்களும் அதில் உண்டு. இது நடந்தது கென்சிங்டன் அண்டு செல்ஸி என்ற நகர்மன்றப் பகுதியில். நாட்டின் மிகப் பணக்காரப் பகுதிகளில் ஒன்று அது.

ஏரியா என்ற அளவுகோல் உடைந்து விழும் இடம் இதுதான். ஒரே நகர்மன்றம், ஒரே பின்கோடு வட்டாரம். ஒரு தெருவில் கோடிக்கணக்கான பவுண்டு வீடு, நாலு தெரு தள்ளி எச்சரித்தும் யாரும் காது கொடுக்காத குடியிருப்பு. தீ அபாயம் குறித்து அங்கே குடியிருந்தவர்கள் முன்பே புகார் சொல்லிவந்தார்கள். தெருவில் வரும் திருடனைப் பற்றி நூறு வருடமாகப் படம் போட்டவர்கள், சுவரில் இருந்த ஆபத்தைப் படத்தில் போடவில்லை.

பயணிக்கு இதில் என்ன பாடம்? அறையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. நிலவறை அறையா, வெளியேற ஒரே கதவா? புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா? நான்கு படுக்கையறை வீட்டைத் தட்டி வைத்துப் பிரித்து எட்டாக்கி விட்டிருக்கிறார்களா? முழு வீட்டையும் குறுகிய கால வாடகைக்கு விடுவதென்றால், தனி அனுமதி இல்லாமல் வருடத்துக்கு 90 இரவுகளுக்கு மேல் விடக்கூடாது என்பது லண்டனில் சட்டம். விடுதி மாதிரி வருடம் பூராவும் ஆள் மாற்றி ஆள் வரும் 'வீடு' என்றால் அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம். விலையைப் பார்க்கிறோம், படத்தில் படுக்கை விரிப்பைப் பார்க்கிறோம், ஏரியா பேரைப் பார்க்கிறோம். கதவைப் பார்ப்பதில்லை.

அப்போ எல்லா இடமும் ஒன்றுதானா?

இந்த மறுப்பு நியாயமானது. ஒன்றில்லை. கத்திக்குத்து மாதிரியான கடும் வன்முறை லண்டன் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை; சில இடங்களில் குவிகிறது. ஆனால் அந்தக் குவியல் ஒரு குடியிருப்புத் தொகுதி, ஒரு சந்திப்பு என்கிற அளவில் இருக்கிறது. அதன் சுமை பெரும்பாலும் அங்கேயே வளரும் இளைஞர்களின் தலையில் விழுகிறது. 'நியூஹாம்', 'லாம்பெத்' என்ற சொற்களால் அதைப் பார்க்க முடியாது. பார்க்கவும் முடியாமல், அங்கே வாழும் லட்சக்கணக்கானவர்களுக்குக் கெட்ட பேர் மட்டும் மிஞ்சும். விருந்தாளி வராத தெருவில் சாப்பாட்டுக் கடை படுக்கும். நாம் பத்து நாள் நிம்மதிக்காகச் சொல்லிப் போகும் வார்த்தை அவர்களோடு வருடம் முழுக்க இருக்கும்.

அதனால் கேள்வியை இப்படி உடைத்துக் கேட்கலாம்:

1. போகிறவர் யார், ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவார்? இதற்குப் பதில் தெரியாமல் மற்ற எதற்கும் பதில் இல்லை.

2. நிலையத்திலிருந்து கதவு வரை எத்தனை நிமிட நடை? கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அந்த வழி முழுக்க ஒருமுறை 'நடந்து' பாருங்கள். வெளிச்சம், கடை, ஆள் நடமாட்டம் எல்லாம் ஓரளவு தெரிந்துவிடும்.

3. கடைசி ரயிலைத் தவறவிட்டால் இரவு பஸ் எது? அதன் நிறுத்தம் எங்கே?

4. அறை எந்த மாடி, எத்தனை வழி, புகை எச்சரிக்கை உண்டா, கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்குமா?

5. தளத்துக்கு வெளியே நேராக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்கிறார்களா? சொன்னால் ஏரியா எதுவானாலும் விட்டுவிடுங்கள்.

6. ஏதாவது ஆகிவிட்டால் நடந்து போய்ச் சேரக்கூடிய தெரிந்தவர் யாராவது உண்டா? அவசரத்துக்கு 999, அவசரமில்லாத போலீஸ் விஷயத்துக்கு 101, ரயிலில் தொல்லை என்றால் 61016க்கு ஒரு குறுஞ்செய்தி. மூன்றையும் ஒரு காகிதத்திலும் எழுதிப் பையில் வையுங்கள், ஃபோன்தான் முதலில் போகும் பொருள்.

இந்த ஆறுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அது ஈஸ்ட் ஹாமாக இருந்தாலும் எடுக்கலாம். கிடைக்கவில்லையென்றால் மேஃபேராக இருந்தாலும் வேண்டாம்.

பூத்தின் ஆட்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய வண்ணங்கள் அல்ல, அவர்களுடைய நடை. லண்டனைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி தெருவில் இறங்கி நடந்ததால் தெரிந்தது. போய்ச் சேர்ந்த முதல் நாள், வெளிச்சம் இருக்கும்போதே, நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். எந்தக் கடை எத்தனை மணிக்கு மூடும் என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை. அந்தத் தெருவுக்கு என்ன வண்ணம் என்பதை அதற்குப் பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.